ஸ்டாக் கரைசலும் டைல்யூஷன் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் லேபில் தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். ஜூனியர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைத்தது. ஓரமெல்லாம் மஞ்சளாகி, நடுவில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பெருக்கல் வகுத்தலில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. எந்தக் கனஅளவைக் கணக்கில் போடுகிறோம் என்ற இடத்தில்தான் பலரும் இடறுகிறார்கள்.

1. "வேணுங்கிற கரைசலை நேராவே கரைச்சுக்கலாமே அக்கா, எதுக்கு முதல்ல ஸ்டாக்?"

ஸ்டாக் என்பது செறிவாகத் தயாரித்து வைத்து, வேண்டும்போது நீர்க்கச் செய்துகொள்ளும் கரைசல். அதற்குத் தராசுதான் காரணம். குளுக்கோஸ் எஸ்டிமேஷனுக்கு, மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் உள்ள கரைசல் 10 மி.லி. வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகச் செய்தால் 1 மில்லிகிராம் எடை போட வேண்டும். நான்கு தசமம் காட்டும் தராசில் கடைசி இலக்கமே 0.1 மில்லிகிராம். ஃபேன் காற்றில் அது ஒன்று ஆடினாலே 10 சதவீதம் பிழை. 100 மில்லிகிராம் எடை போட்டு 100 மி.லி. ஆக்கினால் அதே ஆட்டம் 0.1 சதவீதம்தான். இது மி.லி.க்கு 1 மில்லிகிராம் உள்ள ஸ்டாக். இதில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் கேட்ட வொர்க்கிங் ஸ்டாண்டர்டு (நேராகப் பயன்படுத்தும், செறிவு தெரிந்த கரைசல்) கிடைத்துவிடும்.

இன்னொன்று, செறிவான ஸ்டாக் பல சமயம் அதிக நாள் தாங்கும். 5 மோலார் (லிட்டருக்கு 5 மோல்) சோடியம் குளோரைடு ஒரு பாட்டில் இருந்தால் மாதக்கணக்கில் ஓடும். குளுக்கோஸ் அப்படி இல்லை, வெறும் தண்ணீரில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் அதன் ஸ்டாக்கைப் பென்சாயிக் அமிலக் கரைசலில் தயாரிக்கிறார்கள்.

2. "சி1வி1 = சி2வி2 மனப்பாடமா தெரியும். ஆனா அது எங்கேருந்து வந்துச்சு?"

தண்ணீர் ஊற்றினால் கரைபொருளின் அளவு மாறாது. அவ்வளவுதான். ஒரு தம்ளர் டிகாக்‌ஷனில் எவ்வளவு பால் ஊற்றினாலும் அதில் இறங்கிய காப்பித்தூளின் சாரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. சி என்பது செறிவு, வி என்பது கனஅளவு; 1 ஸ்டாக்குக்கு, 2 தயாரான கரைசலுக்கு. செறிவைக் கனஅளவால் பெருக்கினால் கரைபொருளின் அளவு வரும். எடுத்த ஸ்டாக்கில் இருந்த அளவும், தயாரான கரைசலில் இருக்கும் அளவும் ஒன்றே என்பதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்கிறது.

5 மோலார் சோடியம் குளோரைடிலிருந்து 150 மில்லிமோலார் கரைசல் 250 மி.லி. வேண்டுமா? முதலில் 5 மோலாரை 5000 மில்லிமோலார் ஆக்கிக்கொள்ளுங்கள். 150 × 250 ÷ 5000 = 7.5 மி.லி. ஸ்டாக். வினை நடக்கிற இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அமிலத்தோடு காரத்தைச் சேர்த்தால் கரைபொருளே மாறிவிடுகிறதே.

3. "வி2ன்னா நான் ஊத்துற தண்ணியா, மொத்தமா?"

மொத்தம். நூறு கேள்வி வந்தால் அதில் பாதி இதுதான், வேறு வேறு வேஷத்தில் வரும்.

மேலே உள்ள கணக்கில் 7.5 மி.லி. ஸ்டாக்கோடு 242.5 மி.லி. தண்ணீர் சேர்ந்து 250 ஆகிறது. 7.5 எடுத்து அதன்மேல் 250 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றினால் மொத்தம் 257.5 ஆகி, செறிவு 145.6 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும். இங்கே 3 சதவீதம்தான் குறைகிறது என்று தோன்றலாம். பத்து மடங்கு நீர்க்கச் செய்ய 1 மி.லி. ஸ்டாக்கில் 10 மி.லி. தண்ணீர் ஊற்றினால் குறைவது 9 சதவீதம். இரண்டு மடங்குக்கு 1 மி.லி.யில் 2 மி.லி. ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கே போய்விடும்.

நல்ல பழக்கம் ஒன்று: தண்ணீரின் அளவைக் கணக்குப் போடவே வேண்டாம். ஸ்டாக்கை ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்கில் (கழுத்தில் கனஅளவுக் கோடு உள்ள குடுவையில்) விட்டு, முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பிறகு கோடு வரை மேக்கப் செய்யுங்கள். "மேக்கப்" என்ற சொல்லே மொத்தத்தைத்தான் குறிக்கிறது.

4. "1:10ன்னு போட்டிருக்கு. 1 பிளஸ் 9ஆ, 1 பிளஸ் 10ஆ?"

எழுதியவரைத்தான் கேட்க வேண்டும், நிஜமாகவே. உயிரியல் லேப்களில் 1:10 என்றால் பெரும்பாலும் மொத்தம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1+9. ஆன்டிபாடி 1:1000 என்றால் பஃபரோடு (பி.ஹெச். எளிதில் மாறாத கரைசலோடு) சேர்த்து மொத்தம் ஒரு மி.லி.யில் 1 மைக்ரோலிட்டர், 1+999 என்று கணக்கு. விகிதத்தைக் கணிதப் பாடத்தில் படித்தபடி படிப்பவர்களுக்கு அதே 1:10 என்பது 1+10.

கூத்து என்னவென்றால், அதே உயிரியல் லேபில் செல் எண்ணுவதற்குச் சாயம் கலக்கும்போது "டிரைபான் ப்ளூ 1:1" என்பார்கள். முதல் வழக்கப்படி படித்தால் ஒன்றில் ஒன்று, அதாவது நீர்க்கவே இல்லை! அவர்கள் சொல்வது சம அளவு, 1+1, டைல்யூஷன் ஃபேக்டர் (எத்தனை மடங்கு நீர்த்தது என்ற எண்) 2. ஆகவே உங்கள் ரெகார்டு நோட்டில் 1+9 என்று கூட்டல் குறி போட்டு எழுதுங்கள், அல்லது "10 மடங்கு" என்று எழுதுங்கள். ஆயிரம் மடங்கில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. இரண்டு, ஐந்து, பத்து மடங்குகளில்தான் கடிக்கும்.

5. "50 எக்ஸ் பஃபர்னா மோலாரிட்டி தெரியாம எப்படி கணக்கு போடுறது?"

தெரிய வேண்டியதில்லை. 50 எக்ஸ் என்றால் பயன்படுத்தும் செறிவைப்போல் 50 மடங்கு. எக்ஸ் என்பதையே செறிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் ஓட்ட (டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துப் பார்க்க) 1 எக்ஸ் டி.ஏ.ஈ. பஃபர் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 1 × 1000 ÷ 50 = 20 மி.லி. மேக்கப் செய்து ஒரு லிட்டர். அப்படி நீர்த்த பஃபரில் டிரிஸ் 40 மில்லிமோலாரும், அசெட்டேட் 20 மில்லிமோலாரும், ஈ.டி.டி.ஏ. 1 மில்லிமோலாரும் இருக்கும்.

ஜெல்லில் விடும் சாம்பிளோடு கலக்கும் 6 எக்ஸ் லோடிங் டை விஷயத்தில் மூன்றாம் கேள்வி திரும்ப வரும். 1 மைக்ரோலிட்டர் டைக்கு 5 மைக்ரோலிட்டர் சாம்பிள், ஆறு அல்ல.

6. "மில்லி, மைக்ரோ மாத்துறப்போ எனக்கு எப்பவும் ஒரு சைபர் ஓடிப்போயிடுது."

சமன்பாட்டில் எண்ணை வைக்கும் முன்பே இரண்டு செறிவையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள், இரண்டு கனஅளவையும் அப்படியே. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: மி.லி.க்கு 1 மில்லிகிராம், மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம், லிட்டருக்கு 1 கிராம், மூன்றும் ஒன்றே. நீர்த்த தண்ணீர்க் கரைசலில் இதைத்தான் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்கிறோம்.

அப்புறம், விடை வந்ததும் மடங்கை வைத்து ஒரு முறை சரிபாருங்கள். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கின் ஸ்டாக் மி.லி.க்கு 100 மில்லிகிராம், தேவை மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு. அப்படியென்றால் 200 மி.லி. பிராத்துக்கு (பாக்டீரியா வளர்க்கும் திரவத்துக்கு) 0.2 மி.லி. கால்குலேட்டர் 2 மி.லி. என்று காட்டினால் கால்குலேட்டரை நம்பாதீர்கள்.

7. "அமில பாட்டில்ல மோலாரிட்டியே இல்ல. 35 சதவீதம், 1.18னு மட்டும் போட்டிருக்கு."

அந்த இரண்டு எண்ணும் மூலக்கூறு எடையும் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 1.18 என்பது அடர்த்தி, ஆகவே ஒரு லிட்டர் 1180 கிராம் இருக்கும். அதில் 35 சதவீதம், அதாவது 413 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. அதை 36.46 ஆல் வகுத்தால் 11.3 மோலார். 1 மோலார் கரைசல் 500 மி.லி. வேண்டுமென்றால் 500 ÷ 11.3, ஏறக்குறைய 44 மி.லி.

பலர் அடர்த்தியை விட்டுவிட்டு 350 ÷ 36.46 = 9.6 என்று போட்டுவிடுகிறார்கள். பாட்டிலில் உள்ள சதவீதம் எடைக்கு எடை. நூறு கிராம் அமிலத்தில் 35 கிராம் என்று அர்த்தம், நூறு மி.லி.யில் அல்ல. அடர் கந்தக அமிலத்தில் (98 சதவீதம், 1.84) இந்தத் தப்பு செய்தால் 18.4 மோலாரை 10 மோலார் என்று நினைத்துக்கொள்வீர்கள். கிட்டத்தட்ட இரு மடங்கு வலுவான கரைசல் கையில் இருக்கும், லேபிளில் வேறு எண் இருக்கும். கிளேசியல் அசெட்டிக் அமிலம் 17.4 மோலார் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

இப்படிக் கணக்குப் போட்டுச் செய்தது தோராயம்தான். திறந்து வைத்த ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். டைட்ரேஷனுக்கு என்றால் சோடியம் கார்பனேட் போன்ற ஒன்றை வைத்து ஸ்டாண்டர்டைஸ் செய்தாக வேண்டும், அதாவது உண்மையான செறிவை அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

8. "தண்ணில அமிலமா, அமிலத்துல தண்ணியா? வைவாவில எப்பவும் குழம்புது."

தண்ணீரில் அமிலம், மெதுவாக, கலக்கிக்கொண்டே. அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் விட்டால் அந்தச் சிறு தண்ணீர் உடனே கொதித்து அமிலத்தோடு முகத்துக்குத் தெறிக்கும். கணக்குக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. சூடாக இருக்கும்போதே கோடு வரை மேக்கப் செய்தால், ஆறியதும் மட்டம் கீழே இறங்கிவிடும். ஃப்ளாஸ்கின் மேல் 20 அல்லது 27 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள், அந்தக் கோடு அந்த வெப்பநிலைக்கானது. ஆற விட்டு மேக்கப் செய்யுங்கள்.

9. "நார்மாலிட்டிக்கும் இதே ஃபார்முலாதானா?"

இதேதான், இரண்டு பக்கமும் நார்மாலிட்டியாக இருக்கும்வரை. ஒரு மூலக்கூறு தரும் புரோட்டான் அல்லது வாங்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் மோலாரிட்டியைப் பெருக்கினால் நார்மாலிட்டி. கந்தக அமிலம் 18.4 மோலார் என்றால் 36.8 நார்மல், ஏனெனில் ஒரு மூலக்கூறு இரண்டு புரோட்டான் தரும். 0.1 நார்மல் ஒரு லிட்டருக்கு 100 ÷ 36.8 = 2.7 மி.லி. ஒரு பக்கம் மோலார், மறுபக்கம் நார்மல் என்று போட்டால் 5.4 வரும், நேர் இரட்டிப்பு.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் இன்னும் கவனம் வேண்டும். அமில ஊடகத்தில் அது 5 எலக்ட்ரான் வாங்கும், நடுநிலை ஊடகத்தில் 3. ஒரே பாட்டிலுக்கு இரண்டு நார்மாலிட்டி. லேபிளில் மோலாரிட்டியை எழுதி வைப்பது பாதுகாப்பு.

10. "கணக்குல 0.5 மைக்ரோலிட்டர் எடுக்கணும்னு வருது. எடுக்கலாமா?"

கணக்கு சரி, கை தாங்காது. பிப்பெட் டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டுகிற துளியே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கலாம். நடுவில் ஒரு ஸ்டாக் செய்துகொள்ளுங்கள்.

டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த 10 மில்லிமோலார் மருந்து, செல் வளர்க்கும் மீடியம் 5 மி.லி.யில் 1 மைக்ரோமோலார் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் மடங்கு, அதனால்தான் 0.5 வந்தது. முதலில் 10 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கோடு 990 மைக்ரோலிட்டர் மீடியம்: நூறு மடங்கு, 100 மைக்ரோமோலார். அதிலிருந்து 50 மைக்ரோலிட்டர் எடுத்து மொத்தம் 5 மி.லி. ஆக்குங்கள், இன்னொரு நூறு மடங்கு. மடங்குகளைப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. 100 × 100 தான், 200 அல்ல. ஒருமுறை வைவாவில் ஒரு பையன் அழுத்தமாக 200 என்றான், பாவம், பதற்றம்.

11. "சீரியல் டைல்யூஷன்ல கடைசி பிளேட்ல காலனி எண்ணிட்டேன். இப்ப எதால பெருக்கணும்?"

மண் மாதிரியை வைத்துப் பார்ப்போம். 10 கிராம் மண், 90 மி.லி. தண்ணீர்: இதை 10⁻¹ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதில் 1 மி.லி.யை 9 மி.லி.யில் விட்டால் 10⁻². இப்படியே 10⁻⁵ வரை போய், அந்தக் குழாயிலிருந்து 0.1 மி.லி. பிளேட்டில் பரப்பினீர்கள், 64 காலனி (நுண்ணுயிர் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) வந்தது. 64-ஐ 0.1-ஆலும் 10⁻⁵-ஆலும் வகுத்தால் ஒரு கிராம் மண்ணில் 6.4 × 10⁷ நுண்ணுயிர். அந்த 0.1-ஐத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குழாயின் மேல் எழுதியிருப்பது குழாயின் நீர்த்தல். பிளேட்டில் விழுந்தது ஒரு மி.லி. இல்லை, அதில் பத்தில் ஒரு பங்கு.

30 முதல் 300 காலனி வரை உள்ள பிளேட்டைத்தான் எண்ண வேண்டும். குறைவாக இருந்தால் தற்செயல் ஆட்டம் அதிகம், கூடினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நான் முதல் வருடம் செய்தபோது 10⁻⁴ பிளேட்டைவிட 10⁻⁵ பிளேட்டில் காலனி அதிகம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், குழாய்களைக் கலக்காமலே அடுத்ததுக்குத் தாவியிருக்கிறேன், பிப்பெட்டையும் மாற்றவில்லை. எந்த ஃபார்முலாவாலும் அதைத் திருத்த முடியவில்லை, திரும்பச் செய்தேன்.

12. "கிராஃப்ல வந்த வேல்யூவ டைல்யூஷன் ஃபேக்டரால பெருக்கிட்டேன். ஆனா விடை ரொம்ப பெருசா வருது."

ஒரே நீர்த்தலை இரண்டு முறை பெருக்கியிருப்பீர்கள். முதல் கேள்வியில் சொன்ன குளுக்கோஸ் ஸ்டாண்டர்டையே எடுங்கள். அதில் 0.2, 0.4, 0.6, 0.8, 1 மி.லி. என்று ஐந்து குழாய்களில் விட்டு, எல்லாவற்றையும் தண்ணீரால் 1 மி.லி. ஆக்கி, நிறம் வரவைக்கும் ரீஏஜென்ட் சேர்த்து ஓ.டி. (ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) பார்க்கிறோம். கிராஃபின் கீழ் அச்சில் இருப்பது குழாயில் உள்ள மைக்ரோகிராம்: 20, 40, 60, 80, 100.

சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தை) 20 மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 0.5 மி.லி. குழாயில் விட்டீர்கள். கிராஃப் 24 மைக்ரோகிராம் என்கிறது. 24 ÷ 0.5 = 48, இது நீர்த்த சீரத்தில் ஒரு மி.லி.க்கு. 48 × 20 = 960 மைக்ரோகிராம், இது அசல் சீரத்தில் ஒரு மி.லி.க்கு. 100 மி.லி.க்கு 96 மில்லிகிராம் என்று எழுதினால் டாக்டருக்கும் புரியும்.

குழாயில் சேர்த்த தண்ணீரையும் ரீஏஜென்டையும் ஏன் பெருக்கவில்லை? ஸ்டாண்டர்டு குழாய்களிலும் அதே மொத்தக் கனஅளவுதானே. அந்த நீர்த்தல் கிராஃபுக்குள் ஏற்கனவே அடங்கிவிட்டது. ஸ்டாண்டர்டுக்கு நடக்காத, சாம்பிளுக்கு மட்டும் நடந்த நீர்த்தலைத்தான் பெருக்க வேண்டும்.

13. "95 சதவீத ஆல்கஹாலை 70 ஆக்கணும். 368 ஆல்கஹால், 132 தண்ணி ஊத்தினேன், 500 வரலையே?"

வராது. எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது சுருங்கும். 50 மி.லி. சுத்த எத்தனாலில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 100 கிடைக்காது, 96, 97 அளவில்தான் நிற்கும். மூன்றாம் கேள்வியில் தண்ணீரை அளக்காதீர்கள் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம். 368 மி.லி. ஆல்கஹாலை எடுத்து 500 வரை தண்ணீர் விடுங்கள். மேஜை துடைக்கத்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

14. "பஃபர் ஏற்கனவே 100 மி.லி. இருக்கு. அதுல உப்பு 0.5 மோலார் ஆகணும், 5 மோலார் ஸ்டாக் 10 மி.லி. விட்டா போதும்ல?"

போதாது. ஸ்டாக்கும் இடம் பிடிக்கும், மொத்தம் 110 ஆகிவிடும், செறிவு 0.45-இல் நிற்கும். இங்கே வி2 முன்கூட்டியே தெரியாது என்பதுதான் சிக்கல். விட வேண்டிய அளவு = தேவையான செறிவு × இருக்கும் கனஅளவு ÷ (ஸ்டாக் செறிவு − தேவையான செறிவு). 0.5 × 100 ÷ 4.5 = 11.1 மி.லி. பஃபரில் ஏற்கனவே 0.1 மோலார் உப்பு இருந்தால், மேலே 0.5-க்குப் பதில் 0.4 போடுங்கள், 8.9 வரும்.

உப்பு சரியாகிவிட்டது, ஆனால் பஃபரில் இருந்த மற்றதெல்லாம் பத்து சதவீதம் நீர்த்துவிட்டது. அது பரவாயில்லையா என்று யோசித்துவிட்டு ஊற்றுங்கள். ஆயிரம் மடங்கு ஸ்டாக் என்றால் இந்தத் திருத்தமே தேவையில்லை, ஆறாம் கேள்வியின் ஆம்பிசிலின் அப்படித்தான்.

15. "கோட்டைத் தாண்டி தண்ணி போயிடுச்சு. பிப்பெட்ல உறிஞ்சி எடுத்துடவா?"

வேண்டாம். உறிஞ்சும்போது கரைபொருளும் சேர்ந்து வரும், செறிவு நீர்த்தபடியே இருக்கும், கோடு மட்டும் சரியாகத் தெரியும். ஸ்டாண்டர்டு என்றால் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். சாதாரண பஃபர் மெஷரிங் சிலிண்டரில் 100-க்குப் பதில் 105 ஆகிவிட்டால், 14-ஆம் கேள்வியின் முறையில் கொஞ்சம் ஸ்டாக் சேர்த்துக் காப்பாற்றலாம்.

16. "பத்து மடங்கு நீர்த்தா பி.ஹெச். ஒண்ணு கூடும்னாங்க. அப்போ 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட பி.ஹெச். 8ஆ?"

எக்ஸ்டர்னல்களுக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களுக்கு, மிகவும் பிடித்த கேள்வி. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பி.ஹெச். 2, பத்து மடங்கு நீர்த்தால் 3. இதுவரை சரி. அசெட்டிக் அமிலம் போன்ற வலுக்குறைந்த அமிலமானால் பத்து மடங்குக்கு ஏறக்குறைய அரைதான் கூடும், நீர்க்க நீர்க்க அதிகம் பிரிகையடையும். பஃபரானால் கொஞ்சம்தான் நகரும். ஆனாலும் டிரிஸ் ஸ்டாக்கை நீர்த்த பிறகு ஒரு முறை மீட்டரில் பாருங்கள்.

10⁻⁸-இல் மாட்டிக்கொள்வது ஏன் என்றால், தண்ணீரே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி தருகிறது. நீர்க்கச் செய்ய ஊற்றியது அதைத்தான். அமிலத்தின் பங்கு அதில் பத்தில் ஒன்று. தண்ணீரின் சமநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் 1.05 × 10⁻⁷ வரும். பி.ஹெச். 6.98.